நகம் ஒடிஞ்சு ஒடிஞ்சு போவுது, கிட்டார் வாசிக்கவிய என்ன செய்யுதீங்க?

பால்வெட்டு_கிட்டார் | ஜூன் 9, ராத்திரி 9.12

எல்லாருக்கும் வணக்கம். குலசேகரம் பக்கம் நம்ம வீடு, ரப்பர் வெட்டுதான் வேல. நைலான் கம்பி கிட்டார் படிக்க ஆரம்பிச்சு ரெண்டு வருசமாவுது, அதுக்கு முந்தி சர்ச்சுல ஸ்டீல் கம்பி கிட்டார பிக் வச்சு கார்டு அடிச்சிட்டு இருந்தவன்தான். இப்ப வெரலால மீட்டி வாசிக்கேன், நாகர்கோயில்ல சார் சொல்லிக்குடுக்காரு, டிசம்பர்ல ட்ரினிட்டி காலேஜ் மியூசிக் எக்ஸாம், கிரேடு மூணு வாசிக்கணும்.

பிரச்சன என்னன்னா வலது கையில கட்டவெரல் நகமும் ஆள்காட்டி வெரல் நகமும் நிக்க மாட்டேங்குது. மூணு வாரம் ஆசையா வளத்து தேச்சு வச்சா நாலாவது வாரம் ஓரத்துல ஒரு கீறல் விழும், மறுநா காலைல பாத்தா சவம் சதையோட கிழிஞ்சு நிக்கும். நடுவெரலும் மோதிரவெரலும் ஒரு கொழப்பமும் இல்ல, கல்லு மாதிரி நிக்கி. ஒரே கை, ஒரே சாப்பாடு, ரெண்டு நகத்துக்கு மட்டும் என்ன கேடுன்னு தெரியல. நகத்துக்கு பலம் வர என்ன செய்யணும்னு தெரிஞ்சவிய சொல்லுங்க.

சும்மா_எட்டிப்பாத்தேன் | ஜூன் 9, ராத்திரி 9.40

கால்சியம் கொறவுதான் மக்கா. பாலு குடி, முட்ட தின்னு. கால்சியம் மாத்திர ஒரு டப்பா வாங்கிப் போடு, ஒரு மாசத்துல கத்தி மாதிரி ஆயிரும்.

நைட்டுஷிஃப்ட்_சிஸ்டர் | ஜூன் 10, காலை 5.20

டூட்டில இருக்கேன், கொஞ்சம் சும்மா இருக்கதுனால எழுதுகேன். கால்சியத்துக்கும் நக பலத்துக்கும் பெருசா சம்பந்தமில்ல தம்பி. நகம்ங்கது கெரட்டின், முடியும் அதுதான். எலும்பு மாதிரி கால்சியத்துல ஒறச்சது கெடையாது, நகத்துல கால்சியம் ரொம்ப கொஞ்சம்தான் உண்டு. கெரட்டின் இழைகள ஒண்ணுக்கொண்ணு இழுத்துக் கட்டி வச்சிருக்கது கந்தகம், அதான் ஒறப்பு. நகத்துல வெள்ள புள்ளி விழுந்தாலும் கால்சியம்னு சொல்லுவாவ, அதும் பெரும்பாலும் நகம் மொளைக்கிற எடத்துல எப்பயோ பட்ட சின்ன அடிதான்.

நகம் எல்லா வெரல்லயும் ஒண்ணு போல மெலிஞ்சு கரண்டி மாதிரி குழிஞ்சு போனா ரத்தத்துல இரும்பு கொறவான்னு பாக்கணும். தைராய்டுலயும் நகம் கெடும். ஆனா உனக்கு ரெண்டு வெரல் மட்டும்தானே? ஒடம்புக்குள்ள உள்ள கோளாறு வெரல் பாத்து வராது. வெளியதான் ஏதோ நடக்குது.

இன்னொண்ணு, பயோட்டின் மாத்திர தின்னுன்னு அடுத்து யாராவது கண்டிப்பா வருவாவ. அதுல சின்ன சின்ன ஆராய்ச்சிதான் நடந்துருக்கு, பெருசா நம்பிக்கிடக் கூடாது. தின்னாலும் ரத்தம் டெஸ்ட் குடுக்கும்போ லேப்ல கண்டிப்பா சொல்லணும், தைராய்டு ரிசல்ட்டு, நெஞ்சுவலிக்கு எடுக்க ட்ரோபோனின் ரிசல்ட்டு எல்லாம் தப்பா காட்டும். அமெரிக்காவுல 2017-லயே இதுக்கு எச்சரிக்கை விட்டாச்சு.

சும்மா_எட்டிப்பாத்தேன் | ஜூன் 10, காலை 7.02

நான் பயோட்டின்னு டைப் அடிச்சிட்டு இருந்தேன் சிஸ்டர். அழிச்சிட்டேன்.

ஆறாவது_கம்பி | ஜூன் 10, காலை 8.15

நாகர்கோயில்ல இருந்து. பதினஞ்சு வருசமா கிளாசிக்கல் வாசிக்கேன், நகத்துல படாத பாடெல்லாம் பட்டாச்சு. மொதல்ல நகம் எவ்ளோ நீளம் வச்சிருக்கன்னு சொல்லு. உள்ளங்கை மொகத்தப் பாக்க மாதிரி கண்ணுக்கு நேரா பிடி, சதைக்கு மேல நகம் ஒரு மில்லி, ஒண்ணரை மில்லி தெரிஞ்சா போதும். கட்டவெரல் மட்டும் கொஞ்சம் கூட இருக்கலாம். நெறய பேரு கிட்டார்னா நகம் நீளமா வேணும்னு நெனச்சு பேய் மாதிரி வளத்துருவாவ, நீளம் கூடக் கூட நெம்பு கூடும், நெம்பு கூடுனா ஒடியத்தான் செய்யும். இதுல பலம் எங்க வருது.

நகம் மாசத்துக்கு ஏறக்கொறய 3 மில்லிதான் வளரும். அடியோட போனா முழுசா வர ஆறு மாசம். அதனால டிசம்பர் எக்ஸாமுக்கு இப்பமே சரி பண்ணுனாத்தான் உண்டு.

கடப்புறத்தான் | ஜூன் 10, மத்தியானம் 1.30

முட்டத்துல இருந்து. நான் சொல்லுகது யாருக்கும் பிடிக்காது, ஆனாலும் சொல்லுகேன், நகமே வேண்டாம்லே. கடல் வேலைல நகம் வளத்தா வலைல மாட்டி வேரோட வரும், நான் பாத்துருக்கேன். சதையால வாசி. ஸ்பெயின்ல பெரிய கிட்டார்காரரு தாரெகா, அவரு கடைசி காலத்துல நகத்த வெட்டிப்போட்டு சதையாலதான் வாசிச்சாரு, அவரு சிஷ்யன் பூஹோலும் அப்பிடித்தான். இன்னைக்கு கிட்டார் படிக்கவன் எல்லாரும் தாரெகா எழுதுனதத்தான வாசிக்கீங்க. ஸ்டீல் கம்பின்னா கட்டவெரல்ல தம்ப் பிக் மாட்டிக்கிடு, தீந்துது.

ஆறாவது_கம்பி | ஜூன் 10, சாயங்காலம் 6.45

@கடப்புறத்தான் அண்ணே தாரெகா காலத்துல நைலானே கெடையாது, ஆட்டுக்கொடல் கம்பி. அது சொரசொரன்னு சதைய பிடிக்கும். நைலான் கம்பி வந்தது 1940-கள்ல, ரெண்டாம் உலகப் போருக்குப் பொறவு. அது வழுவழுப்பு, சதையால மட்டும் வாசிச்சா சத்தம் உருண்டையா அழகாத்தான் இருக்கும், ஆனா பெரிய ஹால்ல பின்னால இருக்கவனுக்கு கேக்காது. பொறவு வந்த பெரிய கிட்டார்காரரு செகோவியா நகமும் சதையும் சேத்து வாசிச்சாரு, இப்ப உலகம் முழுக்க அதான் வழக்கம்.

இந்த சண்ட புதுசும் இல்ல. அவியளுக்கும் முந்தி சோருன்னு ஒருத்தரு, அகுவாதோன்னு ஒருத்தரு. சோருக்கு நகம் ஆவாது, அகுவாதோ நகத்தாலதான் வாசிப்பாரு. ரெண்டு பேரும் பாரீஸ்ல ஒண்ணா ஒக்காந்து வாசிச்ச கூட்டாளிய. அவியளே சண்ட போடல, நாம எதுக்கு.

கடப்புறத்தான் | ஜூன் 10, சாயங்காலம் 7.10

நான் சண்ட போடல வோய். எனக்கு நகம் நிக்காதுங்கதத்தான் கொஞ்சம் கெத்தா சொன்னேன்.

தக்கலை_வீணை | ஜூன் 11, காலை 10.05

நான் கிட்டார் வாசிக்க மாட்டேன், வீணை டீச்சர். ஆனா நக விசயம் எங்களுக்கும் தலைவேதனதான். நாங்களும் ஆள்காட்டி வெரலும் நடுவெரலும் நகம் வளத்துதான் மீட்டுகோம், சுண்டுவெரல்ல தாளக் கம்பி. அதும் எங்களது ஸ்டீல் கம்பியும் பித்தளக் கம்பியும், ஒங்க நைலான விட நகத்த அராவிரும். நகம் நிக்காத பிள்ளைய வெரல்ல கம்பி வளையம் மாட்டிக்கிடுவாவ.

முப்பது வருசமா பிள்ளைகளுக்கு சொல்லிக்குடுக்கேன், அதுல கண்டது இதான். நகம் ஒடியது மெலிவுனால கெடையாது, மாட்டுகதுனால. கம்பியோ துணியோ நகத்துல ஒரு மூலைல போயி கொளுவும், அங்க கீறல் விழும், பொறவு ரெண்டு நாள்ல தொங்கும். அதனால தம்பி, உன் நகத்து வடிவத்த மொதல்ல சொல்லு. ஓரத்துல மூல இருக்கா? நகம் நேரா வளருதா, கிளி மூக்கு மாதிரி கீழ வளையுதா?

பால்வெட்டு_கிட்டார் | ஜூன் 11, ராத்திரி 8.30

டீச்சர், ஆள்காட்டி வெரல் நகம் கொஞ்சம் வளைஞ்சுதான் போவும். நகவெட்டி வச்சு அரைவட்டமா வெட்டி, பொறவு நகவெட்டில இருக்க இரும்பு அரத்த வச்சு தேய்ப்பேன். அவ்ளோதான். சத்தமும் ஒண்ணாம் கம்பில கிரீச்சுனு பாத்திரம் சொரண்டுன மாதிரி வரும், சார் அதுக்கு ஏசாத நாள் இல்ல.

ஆறாவது_கம்பி | ஜூன் 11, ராத்திரி 10.20

நகவெட்டிய தூர எறி. நெசமா. வெட்டும்போ நகம் நசுங்கி அடுக்கு அடுக்கா பிரியும், நகமே அடுக்கா ஒட்டுன சாமானம்தான். இடது கைக்கு வேணா வச்சுக்கிடு, அங்க ஒட்ட வெட்டித்தான ஆவணும். வலது கையில இனிமே தேய்ப்பு மட்டும்தான். கண்ணாடி அரம் ஒண்ணு வாங்கு, பேன்சி கடைல கிடைக்கும்.

வடிவம் பத்தி கொஞ்சம் நீட்டி எழுதுகேன், பொறுமையா படி. கிட்டார மடில வச்சு வாசிக்க மாதிரி கைய வச்சு வெரல கம்பில சாய்ச்சு நிறுத்து, மீட்டாத. இப்ப கம்பி எங்க தொடுதுன்னு பாரு. நகத்து நடுவுல தொடாது, கட்டவெரல் பக்கத்து ஓரத்துல சதையும் நகமும் சேருற எடத்துலதான் தொடும். மீட்டும்போ கம்பி அங்க ஏறி நகத்து விளிம்புல வழுக்கிட்டு வந்து கடைசில விட்டுப் போவும். அப்ப நகம் அந்த கம்பிக்கு ஒரு சறுக்குமரம் மாதிரி. ஏறுற எடத்துல சதையோட ஒட்டி நகம் கிட்டத்தட்ட இல்லாத அளவுக்கு இருக்கணும், அங்க இருந்து மெல்ல உசந்து, விட்டுப்போற எடத்துல மழுங்கி முடியணும். அரைவட்டமா வெட்டுனா ஏறுற எடத்துலயே ஒரு சுவரு நிக்கும், கம்பி சுவருல முட்டித் தாண்டும், அதான் உன் கிரீச்சு சத்தம், அந்த முட்டுதான் கீறலும்.

வளைஞ்ச நகத்துக்கு இன்னும் கொறச்சலா வச்சு ஒரு பக்கம் சரிவா ஏறக்கொறய நேர்கோடா தேச்சிரணும், நீளமா விட்டா கம்பிய கொளுவிப் பிடிக்கும். சரியா இருக்கான்னு பாக்க ஒரு ஸ்கேல கம்பி வாற சாய்வுலயே வெரல் நுனில வச்சுப் பாரு, நகத்துக்கும் ஸ்கேலுக்கும் எடையில வெளிச்சம் தெரிஞ்சா அங்க பள்ளம் இருக்கு.

அரத்த நகத்துக்கு நேரா வைக்காத, கொஞ்சம் அடிப்பக்கம் சாய்ச்சுப் பிடி, கம்பி படுகது விளிம்போட அடிப்பக்கம்தான். எனக்கு இது புரியவே நாலு வருசம் ஆச்சு, யாரும் சொல்லித்தரல.

வடசேரி_பட்டறை | ஜூன் 12, காலை 11.00

கோயில் நகை வேல நமக்கு, கிட்டார் மவன் படிக்கான். ஆறாவது கம்பி சொன்னது சரி, ஆனா தேச்சதோட விட்டா பாதி வேலதான் முடிஞ்சுது. பாலீசு போடணும். அரம் விட்ட கோடு கண்ணுக்கு தெரியாது, ஆனா ஒவ்வொரு கோடும் ஒரு சின்ன வெட்டு, அங்க இருந்துதான் கீறல் தொடங்கும். தங்கத்துலயும் அப்பிடித்தான், அரக்கோடு மாறாம மினுக்கம் வராது.

பெயிண்டு கடைல வாட்டர் பேப்பர்னு கேளு, காருக்கு பெயிண்டு அடிக்கவிய வாங்குகது. மரத்துக்கு தேய்க்க உப்புத்தாள் வாங்கிராத, அது நகத்த தின்னுரும். நம்பர் கூடக் கூட நைசு. 600, 1000, 2000 மூணும் ஒவ்வொண்ணு வாங்கி சின்னதா வெட்டி வச்சா வருசத்துக்கு காணும். 600-ல அரக்கோடு போவும், 1000-ல சொரசொரப்பு போவும், 2000-ல கண்ணாடி. 2000 ஆனப்பொறவு ஒதட்டுல வச்சு இழுத்துப் பாரு, கொஞ்சம் பிடிச்சாலும் இன்னும் தேய்க்கணும். கண்ணு ஏமாத்தும், ஒதடு ஏமாத்தாது.

மவன் ஒரு வேல செய்வான், கொள்ளாம். 2000 பேப்பர கம்பி மேல போத்தி சொரசொரப்பு மேல பாக்க வச்சு, அது மேல வாசிக்க மாதிரியே மீட்டுவான். அவனவன் கை வாக்குல எந்த எடம் படுதோ அந்த எடம் மட்டும் தேயும்.

தொடுவெட்டி_பார்லர் | ஜூன் 12, மத்தியானம் 3.15

மார்த்தாண்டத்துல பார்லர் வச்சிருக்கேன். ஆம்பிள பையன் நகத்துக்கு வந்தா சிரிக்க மாட்டோம், வாங்க. கிட்டார் வாசிக்க ரெண்டு பேருக்கு ஜெல் போட்டு விடுகேன், லைட்டுல காய வைக்கிறது. நல்லா நிக்கும், ரெண்டு மூணு வாரம் போவும். ஆனா ஒரு விசயம், அத பிச்சு எடுக்கவே கூடாது, பிச்சா அடில உள்ள நகமும் ஒரு அடுக்கு சேந்து வரும். அசிட்டோன்ல ஊற வச்சுதான் எடுக்கணும். ஓரம் தூக்கிட்டு வந்தா ஒடனே எடுத்துரணும், தண்ணி உள்ள நின்னா நகம் பச்ச நெறமாவும், அது ஒரு கிருமி. மழக்காலத்துல இங்க வாறது கூடுதல்.

கல்யாண பொண்ணுகளுக்கு நகத்துக்கு மேல அரம் போட்டு சொரண்டுவோம்லா, உங்களுக்கு அது கொஞ்சமாத்தான் போடச் சொல்லணும், இல்லன்னா நகம் மெலிஞ்சிரும்.

சும்மா_எட்டிப்பாத்தேன் | ஜூன் 12, சாயங்காலம் 5.50

பார்லரு எதுக்கு. அஞ்சு ரூபா குளூவும் கொஞ்சம் பஞ்சும் போதும்.

நைட்டுஷிஃப்ட்_சிஸ்டர் | ஜூன் 12, சாயங்காலம் 6.02

பஞ்சு வைக்காதீங்க!! சூப்பர் குளூ பஞ்சுல பட்டா சூடேறும், பொகையே வரும், தோல் பொத்திப்போயி ஒரு பையன் எங்க வார்டுக்கு வந்தான். பருத்தித் துணியும் கூடாது.

ஆறாவது_கம்பி | ஜூன் 12, ராத்திரி 9.00

சிஸ்டர் சொன்னது சரி. கிட்டார்காரங்க அவசரத்துக்கு குளூ போடுகது உண்டு, ஆனா மெல்லிசு டிஸ்யூ பேப்பர்ல ஒரு அடுக்கு மட்டும் பிரிச்சு கீறல் மேல வச்சு ஒரு சொட்டு, காஞ்சப்பொறவு இன்னொரு சொட்டு, பொறவு 1000 பேப்பர்ல தேச்சு விடணும். சதைல படக்கூடாது. கச்சேரிக்கு முந்துன நாள் நகம் முழுசா போனா டேபிள் டென்னிஸ் பந்த நகம் மாதிரி வெட்டி அடில ஒட்டி வாசிக்கவிய உண்டு, வெளாட்டுக்கு சொல்லல. நானே ஒருக்க செஞ்சேன், சத்தம் மோசமில்ல, ஆனா இடைவேளைல வட திங்கும்போ கழண்டு சாம்பார்ல விழுந்துட்டு.

அத விடு. @பால்வெட்டு_கிட்டார் எனக்கு ஒரு சந்தேகம். ரெண்டே ரெண்டு நகம், அதும் கட்டவெரலும் ஆள்காட்டியும். வருசம் முழுக்க இப்பிடித்தானா, இல்ல நல்லா இருந்த மாசமும் உண்டா?

பால்வெட்டு_கிட்டார் | ஜூன் 12, ராத்திரி 9.35

யோசிச்சுப் பாத்தா இலை கொழியுற சமயத்துல நல்லா இருந்துது அண்ணே. பிப்ரவரி மார்ச்சுல நகம் ஒடியவே இல்ல. அப்ப வெயிலுன்னு நெனச்சேன்.

ஆறாவது_கம்பி | ஜூன் 12, ராத்திரி 9.41

இலை கொழியும்போ வெட்டு உண்டா?

பால்வெட்டு_கிட்டார் | ஜூன் 12, ராத்திரி 9.44

கெடையாது, மரத்துக்கு ஓய்வு.

தக்கலை_வீணை | ஜூன் 13, காலை 9.20

எங்க அப்பாவுக்கும் கொஞ்சம் ரப்பர் உண்டு தம்பி. வெட்டுறதுக்கு முந்தி பழய வெட்டுல காஞ்சு கெடக்க ஒட்டுப்பால எந்த கையால உரிக்க?

பால்வெட்டு_கிட்டார் | ஜூன் 13, ராத்திரி 8.10

எளவு.

வலது கைதான் டீச்சர். கட்டவெரல் நகத்தயும் ஆள்காட்டி நகத்தயும் வச்சு நுனிய கிள்ளி எடுத்து ஒரே இழுப்பா இழுப்பேன். ஒரு நாளைக்கு முந்நூறு மரம். அது ரப்பர்லா, நகத்த இழுத்துப் பிடிக்கும். இத்தன வருசமா செய்யுகதுனால கைக்கு நெனப்பே இல்ல. பொறவு ஷெட்டுல ட்ரேல ரப்பர் பால ஆசிட் கலக்கி ஒறைய வைக்கதும் வெறுங்கைதான்.

கடப்புறத்தான் | ஜூன் 13, ராத்திரி 8.25

முந்நூறு மரம், மனுசனா நீ. பின்ன நகம் என்ன இரும்பா.

நைட்டுஷிஃப்ட்_சிஸ்டர் | ஜூன் 14, காலை 6.00

ஆசிட்டுக்கு கண்டிப்பா கிளவுஸ் போடு தம்பி, நகத்துக்கு மட்டும் சொல்லல, தோலுக்கும் கண்ணுக்கும்தான். அண்டியாபீஸ்ல, அதான் முந்திரிக்கொட்ட ஆலைல, வேல பாக்க அக்காமாரு கைய பாத்துருக்கியா, கொட்ட எண்ணெய் பட்டு வெரலெல்லாம் கருத்து தோலுரிஞ்சு இருக்கும். அவியளுக்கு நகம் கேக்க ஆளில்ல.

அது போவ, நகம் தண்ணிய உறிஞ்சி வீங்கும், காயும்போ சுருங்கும், இப்பிடி நாளைக்கு பத்து தடவ நடந்தா அடுக்கு பிரியும். பாத்திரம் கழுவுனாலும் துணி தொவச்சாலும் கிளவுஸ். ராத்திரி கைய தொடச்சிட்டு தேங்காண்ண ரெண்டு சொட்டு நகத்து அடிலயும் ஓரத்துலயும் தேய். எண்ண நகத்த ஒறப்பாக்காது, வளைய விடும். ஒறப்பா இருக்க நகந்தான் கண்ணாடி மாதிரி சட்டுனு ஒடியும். கடைல விக்கிற நகம் ஒறப்பாக்குற மருந்துல சிலதுல ஃபார்மால்டிஹைடு இருக்கும், மொதல்ல நல்லாருக்கும், நாள்பட மொறுமொறுன்னு ஆயிரும்.

சும்மா_எட்டிப்பாத்தேன் | ஜூன் 14, காலை 9.30

எங்க ஆச்சி மருதாணி போட்டா நகம் ஒறைக்கும்பா. அதயும் அழிச்சிரட்டா?

நைட்டுஷிஃப்ட்_சிஸ்டர் | ஜூன் 14, காலை 9.50

மருதாணிச் செவப்பு கெரட்டின்ல ஒட்டும், அதான் நகம் வளந்து வெட்டுகது வர செவப்பு போவாது. ஒறைக்குமான்னு ஆச்சிட்டதான் கேக்கணும். போடட்டும், கெடுதியில்ல.

பால்வெட்டு_கிட்டார் | செப்டம்பர் 21, ராத்திரி 8.50

மூணு மாசம் கழிச்சு வாறேன், மன்னிச்சிருங்க, நடுவுல மழ, வெட்டுல மழத்தண்ணி எறங்காம மரத்துல ரெயின் கார்டு ஒட்டுற வேல, சர்ச்சு திருவிழா.

ஒட்டுப்பால இடது கைக்கு மாத்துனேன். இடது கைலதான் நகம் இல்லியே, அதனால கத்தி முனையால நுனிய நெம்பி விட்டு சதையால பிடிச்சு இழுக்கேன். மொத ரெண்டு வாரம் வெட்டு முடிய ஒரு மணிக்கூறு பிந்திச்சு, அப்பா ஏசுனாரு, இப்ப கை பழகிட்டு. வாட்டர் பேப்பர் வாங்கப் போனப்ப பெயிண்டு கடைக்காரரு எந்த வண்டிக்குன்னு கேட்டாரு, நகத்துக்குன்னு சொன்னா வம்பு, பைக் டேங்குக்குன்னு சொல்லிட்டேன்.

ரெண்டு நகமும் ஜூலைல இருந்து நிக்கி. சரிவா தேச்சதுல ஒண்ணாம் கம்பி சத்தம் மாறுனத எனக்கே நம்ப முடியல, சார் ஒண்ணும் சொல்லல, ஏசாம இருந்தாரு, அதே பெருசு. ஆனா போன வாரம் நடுவெரல் நகம் போச்சு. கடை ஷட்டர் தூக்கும்போ. இதுவர ஒடியாத நகம்! டிஸ்யூவும் குளூவும் வச்சு ஒட்டிருக்கேன், சிஸ்டர் பயப்படாதீங்க, பஞ்சு இல்ல.

இன்னொரு சங்கடம் யாரும் சொல்லல. மீன்கொழம்பு ஊத்தி மரச்சீனி பிசைஞ்சு தின்னா நகத்து அடி மஞ்சளா ஆயிருது, கிளாஸுல கைய நீட்ட வெக்கமா இருக்கு. அம்மா ஸ்பூன் எடுத்து வச்சாவ. மீனுக்கு ஸ்பூனா?

தக்கலை_வீணை | செப்டம்பர் 22, காலை 10.10

எலுமிச்சம்பழத் தோல வச்சு தேய்ச்சு ஒடனே கழுவி எண்ண வச்சிரு. நாங்களும் கையாலதான் திங்கோம்.

கடப்புறத்தான் | செப்டம்பர் 22, மத்தியானம் 12.40

மிச்சம் 2000 பேப்பர் இருந்தா ஒரு துண்டு குடுத்து விடு மக்கா. கட்டவெரல் ஒண்ணு மட்டும் வளத்துப் பாக்கேன். வீட்டுல சொல்லல.